வேண்டா மடலும் அவைக் காவலும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழா நாளில் இலக்கிய நயம் பேசாமல் குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன், பொறுத்தருள வேண்டும். நம் வட்டத்தின் உரையாடல் திங்கள்தோறும் கூடும் இவ்வரங்கோடு முடிவதில்லை. மின்னஞ்சல் குழுவிலும் தொடர்கின்றது. கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது, ஒரே மாதத்தில் நோய் தீரும் என்று அழையாமல் அங்கே வந்து குவியும் மடல்களை இணையத் தமிழர் 'எரிதம்' என்பர். நான் 'வேண்டா மடல்' என்கின்றேன். அவற்றைத் தடுக்கும்போது நாம் எதனை இழந்துவிடலாகாது என்பதே என் உரையின் பொருள்.

இத்தொல்லை பழையது. 1978 மே 3 அன்று, அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் கேரி துர்க் என்பவர், அந்நாளைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். 1994 ஏப்ரலில் வழக்கறிஞர் இருவர், குடியேற்ற உரிமைச் சீட்டுக் குலுக்கல் பற்றிய தம் விளம்பரத்தை யூஸ்நெட் அமைப்பின் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒருசேரப் பரப்பினர். அஞ்சல்தலை ஒட்டிக் கடிதம் விடுப்பவன் செலவை எண்ணிப் பார்ப்பான். மின்மடலிலோ அனுப்புவோனுக்குச் செலவு இல்லையென்றே கூறலாம். சுமை முழுவதும் பெறுவோன் தலையில்தான். குழுவுக்கு வரும் ஒரு மடல், உறுப்பினர் 300 பேரெனில் 300 மடலாகப் பெருகும். நம் வாய்க்கால்களை மூடும் வெங்காயத் தாமரையும் இத்தகையதே. எவரும் நட்டதில்லை, ஆயினும் நீரோட்டம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

வாய்க்கால் அடைபட்டால் காய்வது எது என்பதைத் தமிழ்கொண்டே காட்டலாம். சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழு, கடல் கடந்த தமிழர் கூடிய அவையாக விளங்கியது. அங்கு அரும்பிய கருத்துகளிலிருந்தே, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பிறந்தது. பழந்தமிழ் நூல்களை விலையின்றி எவரும் படிக்கலாம் என்ற நிலை அதனால் வாய்த்தது. இக்குழுவினர் வேண்டா மடல்களின் தொல்லையால் ஒருவர் பின் ஒருவராக விலகியிருப்பின் இழப்பு யாருடையது? கூச்சலிடுவோரின் வருகை நமக்குத் தெரியும். சலிப்புற்று வெளியேறும் அறிஞரின் காலடி ஓசை கேட்பதில்லை.

ஆதலின் காவல் வேண்டும். 'மட்டுறுத்தல்' என்று இணையத் தமிழர் அதற்கு நல்லதொரு பெயர் தந்துள்ளனர். சேர விரும்புவோரின் முகவரியை ஒரு மறுமடல் வழியே உறுதி செய்துகொள்ளுதல், உறுப்பினர் மட்டுமே எழுத இசைதல், புதியவரின் முதல் மடலை நிறுத்திப் படித்துப் பார்த்தல், பொதுவில் தொகுக்கப்படும் மடல்களில் முகவரிகளை மறைத்தல் ஆகியவை பயன் கண்ட முறைகள். வேண்டா மடலுக்குக் குழுவிலேயே சினந்து விடை எழுதுதல் கூடாது. அந்த விடையும் 300 மடலாகும்.

இவையனைத்தையும் அறிந்திருந்தும் நான் ஒரு பிழை செய்தேன். குழுவின் காவலை ஏற்ற தொடக்கத்தில், நிறுத்தி வைக்கப்பட்ட மடல்களிடையே தலைப்பில்லாத ஒன்று கிடந்தது. அறியாத முகவரி, திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். ஏனைய குப்பையோடு அதனையும் நீக்கினேன். சில வாரங்கள் கழித்து நம் கூட்டத்துக்கு முதியவர் ஒருவர் வந்தார். "அம்மா, என் கட்டுரை தகுதியில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாமே" என்றார். நடவுப் பாடல்களைப் பற்றி அவர் எழுதி, அச்சகங்களில் வழங்கும் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு அனுப்பிய கட்டுரை அது. அவ்வெழுத்துரு என் கணிப்பொறியில் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பெருந்தன்மையோடு சிரித்தார். ஆயினும் மீண்டும் எழுதவில்லை. என் மௌனத்தை அவர் தீர்ப்பாகக் கொண்டிருந்தார்.

அன்று முதல் நெல்லைச் சீமையின் மானூர்க் கல்வெட்டு என் நினைவைவிட்டு நீங்கவில்லை. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்பாண்டியர் காலக் கல்வெட்டில், ஊர்ச்சபையின் நடவடிக்கை விதிகள் உள்ளன. எக்கருத்தை எடுத்தாலும் மறுப்பு ஒன்றையே சொல்லி அவையை நடவாமல் தடுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் என்பது அவற்றுள் ஒன்று. விதி எல்லாரும் காணக் கல்லில் பொறிக்கப்பட்டது. தண்டம் எவ்வளவென்று முன்கூட்டியே தெரியும். ஒருவர் கொண்ட கருத்துக்காக அன்றி, அவையை முடக்கும் செயலுக்காகவே அது விதிக்கப்பட்டது.

விதி தெளிவற்றதாயின் நேரும் கேட்டை நம் காலத்திலும் கண்டோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலோ இடையூறோ விளைவிக்கும் நோக்குடைய மின்மடலையும் குற்றத்துள் அடக்கியது. அச்சொற்களுக்கு எல்லை இல்லை என்றும் பேச்சுரிமையை அவை நெரிக்கும் என்றும் கண்டு, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவையே நீக்கியது. எரிச்சலூட்டும் சொல் வேறு. வேண்டா மடல் வேறு. நம் கவிதைகளைக் கடுமையாகத் திறனாய்பவர் நமக்கு எரிச்சலூட்டலாம். அவர் நம் அவைக்கு வேண்டியவர்.

ஆகவே பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். குழுவின் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, சேருவோர் அனைவர்க்கும் அளிப்போம். ஐயத்துக்குரிய மடலை நீக்குமுன் அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்போம். இயந்திரச் சல்லடை ஒதுக்கியவற்றை, வாரம் ஒருமுறையேனும், தமிழறிந்த இருவர் கண்ணால் பார்ப்போம்.

பாமணியாற்றுப் பாசனத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. வெங்காயத் தாமரையை அள்ளுவோர் அதனோடு கரையையும் பெயர்த்து எடுப்பதில்லை. அந்த முதியவர் இன்று இவ்வரங்கில் இல்லை. அவரைப்போல் இனி எழுத வருவோரின் முதல் மடலுக்கேனும் நாம் விடை எழுதுவோம்.