மேம்பாலத்துல ஒரு பேரு, இறங்குற இடத்துல நாலு பேரு

 

அவினாசி ரோட்டுப் புது மேம்பாலத்துல போயிருப்பீங்க. உப்பிலிபாளையத்துல ஏறினா நேரா கோல்டுவின்ஸ்ல வந்து இறங்கிடலாம். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. 2025 அக்டோபர் 9ஆம் தேதி திறந்தாங்க. ஜி.டி. நாயுடு மேம்பாலம்னு பேரு. தெருப் பேர்கள்ல இருந்து சாதியை எடுக்கணும்னு அரசாணை வந்த அதே மாசத்துல ‘நாயுடு’ன்னு எப்படி வச்சீங்கன்னு ஒரு கூட்டம். அவரை வேற எப்படிங்க கூப்பிடறது, ‘ஜி.டி.’ன்னு மட்டும் சொன்னா யாருக்குப் புரியும்னு இன்னொரு கூட்டம். ரெண்டு நாள் வாட்ஸ்அப்ல வேற பேச்சே இல்லை.

அந்தச் சண்டைக்குள்ள நான் போகலை. எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. பாலம் இறங்கி அப்படியே நேரா போனீங்கன்னா, நீலாம்பூருக்கு முன்னாடி ஒரு ஊர் வரும். சின்னியம்பாளையம். தினமும் ஆயிரக்கணக்கான பேர் எண்பதுல பறக்கற இடம். அங்க நாலு பேர் புதைஞ்சு கிடக்கறாங்க. இன்னிக்குக் கதை அங்கதான் போய் நிக்கப் போகுது. ஆனா அதுக்கு முன்னாடி பாலத்து மேல இருக்கறவரையும், இன்னொருத்தரையும் பார்த்துட்டுப் போயிடலாம்.

ஜி.டி. நாயுடுவைப் பத்தி நான் நீட்டப் போறதில்லை. நம்ம ஊர் ஸ்கூல்ல படிச்ச யாரும் அவரோட மியூசியத்துக்கு ஒரு டூராவது போகாம தப்பிச்சிருக்க மாட்டீங்க. 1893ல கலங்கல்ல பொறந்தவர். பள்ளிக்கூடத்துல பெருசா படிக்கலை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிள்ல வந்ததைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூருக்கு வந்து ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு ஒரு வண்டி வாங்கி, வாங்கினதைப் பிரிச்சுப் போட்டு மறுபடியும் மாட்டினவர். 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ்ஸை அவரே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். பஸ் கம்பெனியோட தொடக்கம். 1937ல பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து மோட்டார் தயாரிச்சதும், அதுக்கப்புறம் கமலையில மாடு இழுத்த தண்ணியைக் கரண்டு இழுக்க ஆரம்பிச்சதும் உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு நாட்டுக்கே பம்புசெட்டு அனுப்பற ஊருங்க இது.

சரி, ரெண்டாவது ஆள். இவர் பேரைச் சொன்னா பாதிப் பேர் முழிப்பீங்க. சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883ல கோயம்புத்தூர்ல பொறந்தவர். திருச்சியில ரயில்வே ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேன், அதாவது பிளான் வரையற குமாஸ்தா வேலை. மாசம் 25 ரூபா சம்பளம்னு சொல்வாங்க. 1905ல டுபாண்ட்ங்கற ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் ஊரா சினிமா காட்டிக்கிட்டே திருச்சிக்கு வந்தார். சினிமான்னா சும்மா இல்லை, ஏசுநாதர் வாழ்க்கையை அசையற படமா காட்டறார். வந்த இடத்துல அவருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. மிஷினையும் படத்தையும் வித்துட்டு ஊருக்குக் கிளம்பினாப் போதும்னு ஆயிடுச்சு. அவர் சொன்ன விலை 2,250 ரூபா.

இங்க ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. மாசம் 25 ரூபா சம்பளக்காரருக்கு 2,250 ரூபாங்கறது 90 மாசச் சம்பளம். ஏழரை வருஷம் பச்சத்தண்ணி குடிச்சுட்டு வேலை பார்த்தாத்தான் அந்தக் காசு சேரும். பையனுக்கு வயசு 22. கையில இருக்கறது ரயில்வே வேலை. அந்தக் காலத்துல ரயில்வே வேலைன்னா இன்னிக்கு ஐ.டி.யும் பேங்கும் சேர்ந்த மாதிரி. அதை விட்டுட்டு, பணத்தைப் புரட்டி, ஒரு மிஷினையும் சில படச்சுருளையும் வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். நம்ம ஊர்ல ‘ஸ்டார்ட்அப்’னு இப்போ பேசறோமே, அதுல பாதிப் பேருக்கு வீட்டுல ஒரு மில்லாவது காடாவது இருக்கும். இவருக்கு அதுகூட இல்லைங்க.

டென்ட் அடிச்சுப் படம் காட்டினார். எடிசன்ஸ் கிராண்ட் சினிமா மெகாஃபோன்னு கம்பெனிக்குப் பேரு. பேர்லயே பாதி டிக்கெட் வித்திருக்கும். 1909ல மெட்ராஸ் எஸ்பிளனேடுல டென்ட் போட்டார். வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கடல் தாண்டி ரங்கூன், மலாயா வரைக்கும் போனார். அதெல்லாம் ஊமைப் படம். திரையில ஒண்ணு ஓடும்போது பக்கத்துல ஒருத்தர் நின்னு கதை சொல்லணும். ஊருக்கு ஊர் மொழி மாறும். மிஷினைக் கையால சுத்தணும். படச்சுருள் நைட்ரேட், தீப்பட்டா மொத்த டென்ட்டும் போயிடும்.

1914ல ஊருக்குத் திரும்பி, டென்ட்டெல்லாம் போதும்னு கட்டடமாவே ஒரு தியேட்டர் கட்டினார். வெரைட்டி ஹால். பின்னாடி அதுக்கு டிலைட்னு பேர் மாறிச்சு. தென்னிந்தியாவோட முதல் நிரந்தர சினிமா கொட்டகைகள்ல ஒண்ணு. வி.எச். ரோடு, வி.எச். ரோடுன்னு சொல்றோமே, அந்த ‘வி.எச்.’ வெரைட்டி ஹால்தான். அந்த ரோட்டுல கடை வச்சிருக்கறவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்குத் தெரியுதுன்னு. மனுஷன் கட்டின கொட்டகை பேர் ரோட்டுக்கு வந்துடுச்சு, மனுஷன் பேர் வரலை.

அவர் தியேட்டரோட நிக்கலை. கரண்டுல ஓடற அச்சகம், கரண்டுல ஓடற அரிசி மில்லுன்னு போட்டார். தெருவிளக்கே அதிசயமா இருந்த ஊர்ல இதெல்லாம். படம் பேச ஆரம்பிச்சதும் கல்கத்தா பயனியர் கம்பெனியோட சேர்ந்து 1933ல ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். டி.பி. ராஜலட்சுமிதான் வள்ளி. அடுத்த சில வருஷத்துலயே கோயம்புத்தூர்ல சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தப்போ அதோட பங்குதாரர்கள்லயும் இவர் ஒருத்தர். ‘ஹரிதாஸ்’ எடுத்த ஸ்டூடியோ அது. 1942ல காலமானார்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு உறுத்தல். அந்த டென்ட்டைக் கழட்டி மாட்டு வண்டியில ஏத்தினது யாரு? மிஷினைச் சுத்தினது யாரு? திரைக்குப் பக்கத்துல நின்னு தொண்டை வறளக் கதை சொன்னது யாரு? ‘வின்சென்ட் காட்டினார்’னு ஒரே வரியில முடிச்சுடறோம்.

கோயம்புத்தூர் வரலாறுன்னு புக்கு எடுத்தீங்கன்னா இப்படித்தான் இருக்கும். இன்னார் ஆரம்பிச்சார், இன்னார் கட்டினார், இன்னார் கொண்டு வந்தார். 1888ல ராபர்ட் ஸ்டேன்ஸ் மில் ஆரம்பிச்சார். 1932ல பைக்காரா கரண்டு வந்துச்சு, பீளமேடு, சிங்காநல்லூர்னு வரிசையா மில்லுங்க முளைச்சுது. எல்லாம் உண்மைதான். ஆனா மில்லுங்கறது முதலாளி ஆரம்பிக்கறதோட முடியற சமாச்சாரம் இல்லையே. காலையில சங்கு ஊதினா அத்தனை ஊர்லயும் இருந்து சனம் நடந்து வரணும். மழை பொய்ச்ச காட்டை விட்டுட்டு வந்தவங்க, தறி ஓடாம வந்தவங்க, பொம்பளைங்க, சின்னப் பசங்க. 1934ஆம் வருஷச் சட்டம் வந்து வேலை நேரத்தைக் குறைச்சுதுன்னு சொல்வாங்க. குறைச்சு எவ்வளவுன்னா, நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். அதைக் கேட்டு வாங்கறதுக்கும் சங்கம் வேணும். என்.ஜி. ராமசாமி மாதிரி ஆளுங்க மில் மில்லா அலைஞ்சு சங்கம் கட்டினது அப்போதான். அவர் 1943ல, முப்பது வயசு சுமாருக்கே செத்துப் போனார்.

இப்போ சின்னியம்பாளையம்.

ரங்கவிலாஸ் மில் தொழிலாளிங்க நாலு பேர். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். தலைவருங்க இல்லை, மேடை ஏறினவங்க இல்லை. மிஷின்ல நின்னவங்க, கம்யூனிஸ்ட் கட்சிச் சங்கத்துல இருந்தவங்க. சங்கம் வளர வளர, அதை உடைக்க அடியாளுங்களைப் பயன்படுத்தினாங்கங்கறது தொழிலாளிங்க தரப்பு. அந்த மில்லுல வேலை செஞ்ச, சங்கத்துலயும் தீவிரமா இருந்த ஒரு பொண்ணை அப்படிப்பட்ட ஒருத்தன் பலாத்காரம் பண்ணான். தொழிலாளிங்க கொதிச்சுப் போய் அவனை அடிச்சாங்க. அடியில அவன் செத்துட்டான்.

இதை நான் இழுத்துப் பூசாம சொல்ல நினைக்கறேன். ஒரு உயிர் போச்சு. அதை அமுக்கிட்டுத் தியாகிகள்னு மட்டும் சொன்னா அது பாதிக் கதை. கொலைக் கேஸுன்னு மட்டும் சொல்லி முடிச்சா அது அதைவிட மோசமான பாதி. அந்தப் பொண்ணுக்கு நடந்தது, அதுக்கு முன்னாடி மில்லுக்குள்ள நடந்துக்கிட்டிருந்தது, எல்லாம் அதுல விட்டுப் போயிடுது.

நாலு பேருக்கும் தூக்குத் தண்டனை. மேல்முறையீடு எதுவும் பலிக்கலை. 1946 ஜனவரி 8ஆம் தேதி கோயம்புத்தூர் ஜெயில்ல நாலு பேரையும் தூக்குல போட்டாங்க. தேதியைக் கவனிச்சீங்களா? சுதந்திரத்துக்கு 19 மாசம் இருக்கு. நாட்டுல எல்லாரும் ‘வெள்ளைக்காரன் கிளம்பப் போறான்’னு பேசிக்கிட்டிருந்த நேரம். அந்த ஜெயில், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போற தூரம். நீங்க டவுன் பஸ் மாறின இடத்துக்குப் பக்கத்துலதாங்க நடந்துச்சு. உடம்புங்களைச் சின்னியம்பாளையத்துக்குக் கொண்டு வந்து ஒரே இடத்துல அடக்கம் பண்ணினாங்க. இன்னிக்கும் வருஷா வருஷம் ஜனவரி 8ஆம் தேதி செங்கொடி புடிச்சுக்கிட்டு அங்க கூடறாங்க.

அதே வருஷம் நவம்பர்ல ஸ்டேன்ஸ் மில் தொழிலாளிங்க மேல போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, உயிருங்க போச்சு. 1946ங்கறது நம்ம ஊருக்கு அப்படி ஒரு வருஷம்.

நாலு பேர் பேராவது மிஞ்சுச்சு. ஏன்னா கட்சி இருந்துச்சு, வருஷத்துக்கு ஒரு நாள் பேரைச் சொல்ல ஆள் இருந்துச்சு. மீதி லட்சம் பேரு? மில்லுக்குப் போய், பஞ்சுத் தூசியில இருமி இருமி, பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி, ரிட்டையர் ஆகி, போய்ச் சேர்ந்தவங்க? இவங்களுக்குச் சிலையும் இல்லை, நினைவு நாளும் இல்லை. மில்லு இருந்துச்சு, இப்போ அதுவும் போயிடுச்சு. ஸ்டேன்ஸ் மில்லு என்.டி.சி. கைக்குப் போனது. 2020 மார்ச் ஊரடங்குல நிறுத்தின என்.டி.சி. மிஷினுங்க அதுக்கப்புறம் பழையபடி ஓடவே இல்லை. வேற சில மில் வளாகத்துல காபி ஷாப்பு வந்தாச்சு. நல்ல காபிதான், நானும் குடிச்சிருக்கேன். பழைய செங்கல் சுவரை அப்படியே விட்டு, அதுல மஞ்சள் லைட்டு போட்டு அழகா வச்சிருக்காங்க. அந்தச் சுவரோரம் டிபன் பாக்ஸைத் திறந்தவங்க பேரு ஒண்ணுகூட எழுதி வைக்கலை.

அதனால உங்ககிட்ட ஒரு வேலை கேட்கறேன். மில்லுல வேலை பார்த்த தாத்தா, அம்மிச்சி, பெரியப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் யாராவது இருந்தா, போன்ல ரெக்கார்டு போட்டுட்டு உட்காருங்க. ‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க’ன்னு மட்டும் கேட்காதீங்க. ‘அதுல என்ன கண்ணு இருக்கு, சொல்றதுக்கு’ன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. எனக்கு ரெண்டு தடவை அப்படி ஆயிருக்கு. சின்னச் சின்னதா கேளுங்க. டோக்கன் நம்பர் என்னங்க? எந்த டிபார்ட்மென்ட், கார்டிங்கா, ஸ்பின்னிங்கா, ரீலிங்கா? எத்தனை வருஷம் பதிலியா இருந்தீங்க, எப்போ பர்மனென்ட் ஆச்சு? மூணாவது சிப்டு முடிஞ்சு எதுல வீட்டுக்கு வருவீங்க? ஸ்ட்ரைக் நடந்தப்போ அடுப்பு எப்படி எரிஞ்சுது?

டோக்கன் நம்பர் கேட்டா மட்டும் யாரும் யோசிக்கறதே இல்லைங்க. என் பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டியாச்சு. பேரன் பேரு சமயத்துல மாறிப் போயிடும். ரீலிங்ல இருந்தப்போ என்ன நம்பர்னு கேட்டேன், கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கலை. அந்த டிபார்ட்மென்ட்ல அவங்களுக்கு ரெண்டு பக்கமும் நின்னவங்க பேரு, அவங்க ஊரு, யாரு வீட்டுக்காரர் குடிப்பாரு, மேஸ்திரி வந்தா யாரு முதல்ல இருமிக் காட்டுவாங்க, எல்லாம் வந்துச்சு.

நீங்க ரெக்கார்டு பண்ணினதை அனுப்பி வைங்க. அவங்க சம்மதிச்சா மட்டும்தான் போடுவோம். பேர் வேண்டாம்னா பேர் வராது, டோக்கன் நம்பரோட போடுவோம்.

அடுத்த வாரம் பிளேக் மாரியம்மன். நம்ம ஊர்ல ஒரு வியாதி பேர்லயே ஏன் சாமி இருக்கு, அந்த வியாதிக்குப் பயந்து ஜனம் ஊரை விட்டு ஓடினப்போ என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். வரேங்க.