மலிவாகக் கிடைத்த துப்பாக்கி
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி, சிக்கனம், விவாகச் செலவு முதலிய விஷயங்களைப்பற்றி இச்சபையில் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். யான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ ஒரு பழைய துப்பாக்கியின் கதை. இது சங்கத்திற்கு ஏற்ற விஷயந்தானா என்று சிலர் ஐயுறக்கூடும். நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி இன்னும் இருக்கின்றது. உரியவர் காலஞ்சென்றபின் அது விற்பனைக்கு வருகின்றது. விற்போரும் வாங்குவோரும் பல சமயங்களில் நம்மவரே. ஆதலின் என் அனுபவத்தைக் கூறுதல் பயன்தரும் என்று துணிந்தேன்.

என் பாட்டனாரிடம் இங்கிலாந்தில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியார் செய்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அக்கம்பெனி 1812-இல் பர்மிங்ஹாம் நகரில் ஏற்பட்டது. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான 12 குண்டுகளாக வார்த்தால் ஒரு குண்டு என்ன அகலமோ, அதுவே 12 போர் குழலின் உள்வாய் அளவு. இதைப் பாட்டனாரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னர் ஒரு கடன் நெருக்கடியில் அத்துப்பாக்கி கைவிட்டுப் போயிற்று. அன்று அவர் இரவு உணவு கொள்ளவில்லை. அதைப்போல் ஒன்று வாங்கவேண்டும் என்ற ஆசை அந்நாள் தொட்டு என்னை விடவில்லை. வேட்டையாடுதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. எனக்கும் அதில் விருப்பமில்லை. பாட்டனாரின் நினைவு ஒன்றே காரணம். நல்ல சீமைத் துப்பாக்கிகளின் விலையோ என் சக்திக்கு எட்டாததாக இருந்தது.

இந்நிலையில், நம்மவரான ஓர் அம்மையார் தம் கணவர் வைத்துச் சென்ற துப்பாக்கியை விற்க விரும்புகிறார் என்று கேள்வியுற்றேன். அது சட்டப்படி லைசென்சு பெற்ற ஒரு வியாபாரியிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. அங்கே சென்று பார்த்தேன். வெளிக்குதிரைகள் உடைய இரட்டைக்குழல், குழல்களின் மேல் நீர்வரிபோல் ஓடும் சித்திரக் கோடுகள், நடுப்பட்டையில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்ற பெயர். அவர்கள் சொன்ன விலை, யான் அறிந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை!

சகோதரர்களே! அப்போது என் மனம் எண்ணியதை ஒளிக்காமல் கூறுகின்றேன். “இவ்வம்மையாருக்குப் பொருளின் மதிப்புத் தெரியவில்லை” என்று எண்ணினேன். தெரிவிப்பது என் கடமை என்று தோன்றவில்லை. அம்மட்டோ! “பழைய இரும்புதானே, அம்மா” என்று பேரமும் பேசினேன். அவரும் மறுசொல் இன்றி விலையைக் குறைத்தார்.

பின்பு தம் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார். “தம்பி, விலை உங்கள் இஷ்டம். ஆனால் இதைப் படிக்காமல் நீங்கள் வாங்கக்கூடாது” என்றார். அதில் அவர் கணவர் தம் கைப்பட எழுதியிருந்தார்: ‘பெயரைக் கண்டு மயங்கி வாங்கினேன். இது அந்தக் கம்பெனித் துப்பாக்கி அன்று. இக்காலத் தோட்டாவை இதில் இடலாகாது. விற்க நேர்ந்தால் சொல்லி விற்கவும்.’

வியாபாரி குழல்களைக் கழற்றி அடிப்புறத்தைக் காட்டினார். இங்கிலாந்தில் குழல்களை வழக்கத்தினும் மிகுதியான மருந்திட்டுச் சோதித்து, தேறியவற்றிற்கே முத்திரை இடுவர். லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாஸனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. பர்மிங்ஹாமின் மகுட முத்திரையை எதிர்பார்த்த என் கண்ணுக்குத் தென்பட்டது, முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்றெழுத்து. அது பெல்ஜியம் தேசத்து லியேஜ் நகரின் முத்திரை. புகழ்பெற்ற பெயர்களை ஒத்த பெயர் பொறித்த மலிவான துப்பாக்கிகள் அக்காலத்தில் அந்நாட்டிலிருந்து பல தேசங்களுக்கும் சென்றன.

சித்திரக் கோடுகளின் உண்மையும் விளங்கிற்று. இரும்பும் உருக்குமான நாடாக்களை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய ‘டமாஸ்கஸ்’ குழல் அது. அத்தகைய குழல்களிலும் புகையில்லா மருந்துக்குச் சோதித்துத் தேறியவை உண்டு. ஆனால் அதற்கு அடையாளமான சிங்கமும் பீ.வீ. எழுத்துக்களும் இதில் இல்லை. இது கருமருந்துக் காலத்தது. மேலும், தோட்டா அமரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். இக்காலத் தோட்டாக்களோ பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். இவ்வளவு, வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளமாகும். வெடிக்குமுன் வாய் மடிந்திருத்தலால் நீண்ட தோட்டா குட்டை அறையிலும் தடையின்றி நுழைந்துவிடும். சுட்டவுடன் மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். உள்ளே துரு அரித்த பழங்குழலாயின் பிளந்துவிடும். குழலைத் தாங்கும் இடக்கைக்கே முதலில் சேதம்.

“அவர் ஏமாந்தது போதும், தம்பி. இன்னொருவர் கை போகவேண்டாம்” என்றார் அம்மையார். யான் தலைகுனிந்தேன். அறியாதவர் என்று யாரை எண்ணினேனோ அவர் யாவும் அறிந்திருந்தார்; அறிந்ததை ஒளிக்கவும் இல்லை. அறியாதவனும் யானே, அறிந்ததாக நினைத்ததை ஒளித்தவனும் யானே. அவர் முதலில் கூறிய விலையையே கொடுத்து அதை வாங்கினேன். இன்றுவரை அதில் ஒரு தோட்டாவும் இட்டதில்லை. பாட்டனாரின் துப்பாக்கி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இனிச் சில வார்த்தைகள். மலிவான விலையைக் கண்டால் மகிழுமுன் காரணத்தைக் கேளுங்கள். மேலுள்ள பெயரை நம்பாது குழலின் அடியிலுள்ள முத்திரையைப் பாருங்கள். தேர்ந்த கைவினைஞரிடம் குழலின் கனத்தை அளந்தறியுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரியவர் இறந்தால் துப்பாக்கியைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தல் வேண்டும். லைசென்சு உள்ளவர் மற்றொரு லைசென்சுதாரருக்குத் தாமே விற்பதாயின், ஜில்லா மாஜிஸ்டிரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலைய அதிகாரிக்கோ எழுதித் தெரிவித்து, 45 நாள் கழிந்த பின்னரே கைமாற்றலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருத்தலாகாது.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். கணவரை இழந்த சகோதரிமார் வீட்டுப் பொருள்களை விற்க நேருங்கால், அவற்றின் நேரான மதிப்பை அறிந்து சொல்லப் பழகியோர் இருவரை நியமித்தல் நலம். நம்மவரிடம் நம்மவரே மலிவாகப் பறித்தோம் என்ற சொல் நமக்கு வேண்டாம்.