புல்லில் உட்கார்ந்தால் என்ன குறை?

இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். உட்காருவதற்கெல்லாம் ஓர் உரையா என்று கேட்கலாம். ஆனால் சுங்கை ஊடாங்கில் ஒரு வீட்டில் இந்த உட்காரும் விஷயம் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையை மௌனமாக்கி விட்டது. அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

அந்த வீட்டு மகள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். மார்ச் மாதத்தில் அப்பா, அம்மா, தாத்தா, தம்பி நால்வரையும் அங்கே அழைத்திருந்தாள். ஒரு நாள் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போகலாம் என்று ஏற்பாடு. பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை அமெரிக்கப் பெருங்குழுக்கள் முப்பதும் பயிற்சி ஆட்டங்கள் ஆடும் காலம் அது. பதினைந்து குழுக்கள் அரிசோனாவுக்கும் பதினைந்து குழுக்கள் புளோரிடாவுக்கும் போய்விடும். அங்குள்ள அரங்குகள் சிறியவை. பெரும்பாலானவற்றில் ஆட்டத்திடலின் பின்புற வேலிக்கு அப்பால் சரிவான ஒரு புல்மேடு இருக்கும். அங்கே நாற்காலி இல்லை, எண் இல்லை, வரிசையும் இல்லை. பாயை விரித்து உட்கார வேண்டியதுதான். டிக்கெட்டும் அரங்கிலேயே மலிவு. பீனிக்ஸ் நகரை ஒட்டிய கிளெண்டேலில் 2009-இல் திறந்த கேமல்பேக் ரேஞ்ச் அரங்கை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 10,000 நாற்காலிகள்; புல்மேட்டில் இன்னும் 3,000 பேருக்கு இடம்.

மகள் தொலைபேசியில் கேட்டாள். "ஐந்து பேருக்கும் புல்தரை டிக்கெட் எடுத்துடட்டுமா?" அம்மாவுக்குச் சம்மதம். தம்பிக்கு அதைவிடச் சம்மதம். தாத்தா மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே, "அவ்வளவு தூரம் விமானத்துல போயி, தரையிலயா உட்காரணும்?" என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

மகன் நினைத்தார், அப்பாவுக்கு முழங்கால் வலி என்று. மருமகள் நினைத்தார், மாமாவுக்குச் செலவைக் குறைத்தது பிடிக்கவில்லை என்று. இரண்டும் இல்லை. பெரியவர் பிறந்து வளர்ந்தது அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஆண்டுக்கு ஒரு விளையாட்டுப் போட்டி நடக்கும். கூடாரத்துக்குள் துரைக்கு நாற்காலி, துரைசாணிக்கு நாற்காலி, கிராணிமாருக்கு நாற்காலி. பால் வெட்டுகிறவர்களும் அவர்களின் பிள்ளைகளும் திடலோரப் புல்லில். யாரும் தடுத்து எழுதி வைக்கவில்லை. ஆனால் யாருக்கு எது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு முறை பத்து வயதுப் பையனாகக் காலியாயிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எழுப்பி விடப்பட்டவர் அவர். எழுப்பியது துரை அல்ல. சொந்த அப்பாவே ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இதை அவர் வீட்டில் அதுவரை சொன்னதில்லை.

இப்படி ஒரு நினைவு நமது தோட்டப்புறக் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு இருக்கும். ஆகவே "புல்லில் உட்காருவதில் என்ன இருக்கிறது" என்று இளையவர்கள் லேசாகச் சொல்லிவிடக் கூடாது. நாற்காலி நமது பெரியவர்களுக்கு மர வேலைப்பாடு மட்டும் அல்ல. அது போராடிப் பெற்ற இடம்.

அதே நேரத்தில், புல்மேட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதையும் கேட்க வேண்டும்.

சுங்கை ஊடாங்வாசிகளுக்குத் தெரெண்டாக் முகாம் தெரியாமல் இருக்காது. 1950-களின் பிற்பகுதியில் காமன்வெல்த் படைக்காகக் கட்டப்பட்ட முகாம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். அந்த வீரர்களின் ஊர்களில் கிரிக்கெட் பார்ப்பது என்றாலே பலருக்குப் புல்மேடுதான். சிட்னி கிரிக்கெட் அரங்கில் "தி ஹில்" என்ற ஒரு மேடு இருந்தது. அதில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களைக் குரல் கொடுத்தே கலங்கடித்த ஒருவர் உண்டு. யாப்பா என்று பெயர். உண்மைப் பெயர் ஸ்டீபன் கஸ்காயின்; முயல் விற்றுப் பிழைத்தவர்; 1942-இல் காலமானார். மேட்டை இழந்த பிறகு 2008-இல் அவருக்கு அங்கே வெண்கலச் சிலை வைத்தார்கள். மேடு இருந்த இடத்தில் இப்போது நாற்காலி வரிசைகள். நாற்காலிக் கூட்டத்தின் நடுவே ஒரு புல்மேட்டுக்காரரின் சிலை! அடிலெய்டு நகரத்தார் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அரங்கை 2014-க்குள் புதுப்பித்துப் பெரிதாக்கியபோதும் வடக்குப் பக்கத்து மேட்டையும், 1911-ஆம் ஆண்டின் கையால் இயக்கும் புள்ளிப் பலகையையும் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் செஞ்சூரியன் அரங்கைச் சுற்றிப் பெரும்பகுதி புல்மேடுதான். 2009-இல் ஐபிஎல் போட்டிகள் இந்தியாவை விட்டு அங்கே போனபோது, குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்துப் படுத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தவர்களை நம்மவர்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பது வீட்டு வரவேற்பறையில் மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஓர் ஆச்சரியம்.

காலி அரங்கையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் தெற்கில், டச்சுக்காரர் கோட்டைச் சுவரை ஒட்டியிருக்கும் அரங்கு அது. கோட்டை மதிலின் மேல் புல்லில் உட்கார்ந்தால் டிக்கெட்டே இல்லாமல் ஆட்டம் பார்க்கலாம். 2010 ஜூலை 22-ஆம் தேதி முத்தையா முரளிதரன் தமது கடைசி டெஸ்ட்டின் கடைசிப் பந்தில் 800-ஆவது விக்கெட்டை எடுத்தது அங்கேதான். தமிழ்நாட்டிலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரின் பேரன் அவர். உலகச் சாதனை ஒன்றைக் காசு கொடுக்காதவனும் புல்லில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. இதைவிட நல்ல இருக்கை எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவிலேயே பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டில் ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் சிறுவர்களின் உலக பேஸ்பால் தொடர் நடக்கிறது. அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பின்புறம் இருக்கும் பெரிய குன்றுச் சரிவில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்காருவார்கள். பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் மேல் உட்கார்ந்து சரிவில் சறுக்கி விளையாடுவார்கள். நமது தோட்டத்துப் பிள்ளைகள் பாக்கு மட்டையிலும் தென்னை மட்டையிலும் இழுத்து விளையாடியது நினைவுக்கு வருகிறதா? சான் டியேகோ நகரில் 2004-இல் திறந்த பெட்கோ பார்க் அரங்கிலும் நடுத்திடலுக்குப் பின்னால் ஒரு புல்வெளிப் பூங்காவையே வைத்தார்கள்.

சரி, பாசமும் வரலாறும் போதும். டிக்கெட் வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வெயில். பேஸ்பால் விதிப்புத்தகம், மட்டையடிப்பவர் நிற்கும் மூலையிலிருந்து பந்து வீசுபவரை நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது. மாலைச் சூரியன் மட்டையடிப்பவரின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. இதன் விளைவு என்ன? எதிர்ப்புறம், அதாவது புல்மேட்டில் உட்காருகிறவர் மேற்கைப் பார்த்து உட்காருகிறார். அரிசோனாவில் பயிற்சி ஆட்டங்கள் பெரும்பாலும் பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்கும். மூன்று மணி நேர வெயிலும் முகத்தில்தான். மட்டையடிப்பவருக்குப் பின்னால் இருக்கும் நாற்காலிக்காரருக்கோ கூரையும் உண்டு, நிழலும் சீக்கிரம் வந்து சேரும். மலிவு டிக்கெட்டின் மீதி விலையைச் சூரியன் வசூலித்துக் கொள்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். தொப்பி, தண்ணீர், நீளக் கைச்சட்டை மூன்றும் இல்லாமல் அங்கே போகக் கூடாது.

அடுத்தது பந்து. பேஸ்பால் பந்து சுமார் 145 கிராம் எடை. கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே லேசு, கடினத்தில் குறைவில்லை. மட்டையில் சரியாகப் படாமல் பக்கவாட்டில் சீறிப் பாயும் பந்துதான் மிக ஆபத்தானது. அது நாற்காலிகள் இருக்கும் பக்கம் போகும். 2017-இல் நியூயார்க் யாங்கி அரங்கில் ஒரு சிறுமிக்கு அப்படி அடிபட்ட பிறகு, 2018-க்குள் முப்பது பெருங்குழுக்களும் பாதுகாப்பு வலையை நீட்டின. புல்மேட்டுக்கு அந்த வேகப் பந்து வருவதில்லை. எல்லையைத் தாண்டி உயரே வந்து விழும் பந்துதான் வரும். பார்க்க நேரம் கிடைக்கும். ஆனால் வலை கிடையாது. படுத்துக் கண்மூடுகிறவருக்கும் கைத்தொலைபேசியில் மூழ்கியவருக்கும் அது நல்ல இடம் அல்ல. குழந்தையைச் சரிவின் கீழ்ப்பகுதியில், வேலியோரமாக உட்கார வைக்காமல் சற்று மேலே உட்கார வைப்பது நல்லது.

இன்னொன்று, தூரம். மட்டையடிப்பவரிலிருந்து புல்மேடு ஏறக்குறைய 120 மீட்டர். பந்து வீசுபவரின் கைவித்தை எதுவும் தெரியாது. ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்து பார்க்க வேண்டுமென்றால் நாற்காலிக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். புல்மேடு, ஆட்டத்தையும் பார்த்து, பேசியும் கொண்டு, புளிசாதத்தையும் பிரித்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு. அந்தப் புளிசாதத்தை உள்ளே விடுவார்களா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பல அரங்குகளில் பாய், போர்வை சரி; மடக்கு நாற்காலி கூடாது. கைப்பையின் அளவுக்கும் கட்டுப்பாடு உண்டு. வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

நமது நாட்டில் இப்படி மேடு அமைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மழை என்பதுதான் முதல் பதில். 2006 செப்டம்பரில் பூச்சோங் கின்ராரா திடலில் இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் மோதிய முத்தரப்புத் தொடரை நேரில் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் எடுத்தும், மழை குறுக்கிட்டு, கணக்குப் போட்டு வெற்றியை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொடுத்தார்கள். இந்நாட்டில் மாலை நான்கு மணிக்கு வரும் மழைக்குப் புல் சரிவு சேறாகிவிடும். தண்ணீர் வடிய அடியில் மணலும் குழாயும் போட்டால்தான் சரிவு நிலைக்கும். ஆகவே குருபோங்கில் உள்ள ஹங் ஜெபாட் அரங்கம் போல 40,000 பேர் கொள்ளும் காற்பந்து அரங்குகளில் நாற்காலி இருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ்ப்பள்ளித் திடலுக்கும் வட்டாரக் காற்பந்துத் திடலுக்கும் ஒரு சின்ன மேடு போதும். கட்டடம் வேண்டாம்.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். தாத்தா தம் பத்து வயதுக் கதையைச் சொன்னது மூன்றாம் நாள் இரவில். பேரனிடம்தான் சொன்னார். மகன் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மகளிடம் பேசி இரண்டு நாற்காலி, மூன்று புல்தரை என்று டிக்கெட் எடுக்கச் சொன்னார். நாற்காலி தாத்தாவுக்கும் அவருக்குத் துணையாக மகனுக்கும். இது சரியான முடிவு. வெறும் சமரசம் என்று இதைச் சொல்லக் கூடாது. எண்பதை நெருங்குகிறவரைச் சரிவில் உட்கார வைத்து, எழுப்ப இரண்டு பேர் தேடுவது மரியாதை ஆகாது. கழிவறை தூரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அது பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை.

ஆட்டத்தன்று நாற்காலியில் உட்கார்ந்த தாத்தா, முதல் ஒரு மணி நேரம் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மகனிடம், "அந்தப் பக்கம் புள்ளைங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார். நாற்காலி டிக்கெட் வைத்திருப்பவர் புல்மேட்டுக்கு நடந்து போக அந்த அரங்கில் தடையில்லை. புல்தரைக்காரர்தான் நாற்காலிக்கு வர முடியாது. அரங்கைச் சுற்றி மெல்ல நடந்து போனார்கள். போகிற வழியில் அவர் கண்டது அவரை நிற்க வைத்தது. கோட்டும் கண்ணாடியும் அணிந்த வெள்ளைக்காரர் ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்திருக்க, பக்கத்தில் மெக்சிகோ நாட்டுக் குடும்பம் ஒன்று, அதற்கும் பக்கத்தில் தம் பேத்தி.

"துரைங்களும் இங்கதான் உட்காருறாங்களா?" என்று கேட்டாராம். பேத்திக்குக் கேள்வி புரியவில்லை. "யாரு வேணும்னாலும் உட்காரலாம் தாத்தா. காசு கொடுத்து வாங்கணும்" என்றாள்.

பாயில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது. மருமகள் ஒரு கை, பேரன் ஒரு கை. மீதி ஆட்டத்தைத் தம் நாற்காலியிலிருந்தே பார்த்தார். நிழலும் அங்கேதான் இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதை இந்த மேடையில் வைப்பது பொருத்தம். பேரன் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டியில் இன்றைக்கும் இரண்டு கூடாரம் போடுகிறார்கள். வருகை தரும் பிரமுகர்களுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு ஒன்று. பெற்றோர்கள் வெயிலில், திடலோரத்தில் நிற்கிறார்கள். குடை பிடித்த பாட்டிகள் உட்பட. "துரை போயி அறுபது வருசம் ஆச்சு. அந்த நாற்காலியை இப்ப யாரு எடுத்துப் போடுறா?" என்று கேட்டார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் அவர் மகன், அடுத்த கூட்டத்தில் மூன்றாவது கூடாரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று விசாரித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.