பட்டம் கையில், காப்பீடு எங்கே?

(அண்மையில் படிப்பை முடித்த இளம் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



பட்டம் பெறும் நாளில் எவரும் நோயைப் பற்றி நினைப்பதில்லை. ஆனால் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பலர் மருத்துவப் பாதுகாப்பை இழப்பது அந்த நாளையொட்டித்தான். பெற்றோர் இஎஸ்ஐ காப்பீட்டாளராக இருந்தால், அவரைச் சார்ந்து படிக்கும் மகனுக்கு 21 வயதுவரை உரிமை உண்டு. மணமாகாத மகளுக்கு அது தொடரும், மகனுக்கு முடிந்துவிடும்.

வேலை கிடைத்தபின் நிலை என்ன? இஎஸ்ஐ விதிகளின்படி ஊதியத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் செலுத்த வேண்டும். மாதம் 15,000 ரூபாய் பெறுபவரின் பங்கு 112 ரூபாய் 50 காசு. இதற்கு வெளிநோயாளி சிகிச்சை உண்டு, அறுவைச் சிகிச்சை உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. பழைய நோய் என்று கூறித் தட்டிக்கழிக்க இயலாது. சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீத ஊதியமும் கிடைக்கும். எந்தத் தனியார் பாலிசி இந்தத் தொகைக்கு இவ்வளவு தரும்? மருந்தகங்களில் காத்திருப்பும் தட்டுப்பாடும் இருப்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைச் சீர்செய்யப் போராட வேண்டும், இஎஸ்ஐயையே கைவிடலாகாது.

அந்த 3.25 சதவீதத்தைத் தவிர்க்க முதலாளிகளுக்குச் சட்டமே வாசல் திறந்து வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் அமர்த்தப்படுவோர் இஎஸ்ஐக்கு வெளியே நிற்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை அதே இயந்திரத்தில் செய்தாலும் பெயர் 'பழகுநர்'தான். மறுபுறம், 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக்கப்பட்ட ஊதிய வரம்பு ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. 22,000 ரூபாயில் வேலைக்குச் சேர்பவர் அரசின் பார்வையில் வசதி படைத்தவர்!

ஆயுஷ்மான் பாரத் இருக்கிறதே என்பார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்று 2018இல் தொடங்கிய அத்திட்டம், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு பயனாளிகளை வகுத்தது. இன்றைய பட்டதாரி அன்று பள்ளிச் சிறுவன். தவிரவும், அது மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே உதவும்.

வேறு வழியின்றிச் சந்தையில் பாலிசி வாங்கும் தோழர்களுக்குச் சில சொற்கள். விபத்து நீங்கலாக முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுவரை காத்திருக்கச் சொல்லலாம். ஆயினும் நோயை மறைத்துவிடாதீர்கள், பின்னர் கோரிக்கையை நிராகரிக்க அதுவே சாக்காகும். தனிநபர் பாலிசிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை; ரசீதைப் பார்த்து வாங்குங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். எனவே விலகும் முன்பே தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.

பழகுநர்களையும் இஎஸ்ஐக்குள் கொண்டுவா, வரம்பை உயர்த்து என்பவை நம் கோரிக்கைகள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஊதியச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் காட்டி, காப்பீட்டு எண் தராத நிறுவனங்கள் உங்கள் பகுதியில் எவை? அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள்.