நாலு மணி நேரத் தபால்காரர்

(பட்டிமன்றத் தலைப்பு: ‘தபால் ஊழியரின் நிம்மதியைக் கெடுப்பது வளரும் தொழில்நுட்பமா? வளராத நடைமுறையா?’ இரண்டாவது அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். “என் பேரனிடம் இன்லண்ட் லெட்டரைக் காட்டினேன், பாட்டி இது என்ன கலர் பேப்பர், ராக்கெட் செய்யவா என்று கேட்டான்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் என் கதை அதைவிட மோசம். நான் எம்.ஏ. வகுப்பிலே தூது இலக்கியம் நடத்துகிறவன். சத்திமுத்தப் புலவர், குளிரிலே ஒரு சத்திரத்துச் சுவரோரம் ஒண்டிக்கொண்டு, பறந்து போகிற நாரையைப் பார்த்து, என் மனைவியிடம் போய் என் நிலைமையைச் சொல் என்று பாடின பாட்டை உருகி உருகி நடத்துகிறேன். கடைசி பெஞ்சிலே ஒருவன் எழுந்தான். “சார், அந்தம்மா பாத்துட்டாங்களா? ப்ளூ டிக் வந்துச்சா?” என்றான். (சிரிப்பு)

ஆக, கடிதம் குறைந்துபோச்சு. அதை நான் மறுக்கலே ஐயா. 2013 ஜூலையிலே தந்தியையே மூடினார்கள். தந்தி வந்தால் பிரிக்கு முன்னாலேயே அழுகிற பாட்டிமார்கள் இருந்த தேசம் இது. அந்தத் தந்தி போனதுக்கு ஒருத்தரும் அழவில்லை.

ஆனால் அம்மையார் அதோடு நிற்கவில்லை. டென்மார்க் வரைக்கும் விமானம் ஏறிப் போனார். 1624-லே தொடங்கிய தபால் அங்கே 2025 டிசம்பரோடு கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது, தெருவிலே இருந்த சிவப்புப் பெட்டியை எல்லாம் எடுத்துவிட்டார்கள், 1,500 பேருக்கு வேலை இல்லை, தொழில்நுட்பம் செய்த வேலையைப் பாருங்கள் என்றார். உண்மை. அதிலே பாதி உண்மை! மீதிப் பாதியை நான் சொல்கிறேன். 2024-லே அந்த நாட்டிலே தபால் சட்டத்தை மாற்றி, கடிதப் பட்டுவாடாவை முழுசாகப் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். கடிதத்துக்கு இருந்த வரிச் சலுகையையும் எடுத்தார்கள். தபால்தலை விலை எங்கேயோ போய்விட்டது. சரி, இன்றைக்கு அங்கே கடிதமே இல்லையா? இருக்கிறது. வேறொரு தனியார் நிறுவனம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கடிதம் இருக்கு, தபால்காரரைத்தான் காணோம். இதைக் கம்ப்யூட்டரா செய்தது? கையெழுத்துப் போட்ட மனுஷன் செய்தது ஐயா. (கைதட்டல்)

டென்மார்க் கிடக்கட்டும். நம்ம ஊருக்கு வருவோம்.

நம் நாட்டிலே ஒன்றரை லட்சத்துக்கும் மேலே அஞ்சலகங்கள். உலகத்திலேயே பெரியது. பத்திலே ஒன்பது கிராமத்திலே இருக்கு. அங்கே தபால்காரருக்கு வேலை இல்லையா? ஏ.டி.எம். கார்டு யார் கொண்டுவந்து கொடுக்கிறார்? ஆதார் அட்டை? பாஸ்போர்ட்? கோர்ட் நோட்டீஸ்? (நடுவர் ஐயாவுக்கு இதெல்லாம் வராது, எனக்குத் தெரியும்.) 2018 செப்டம்பரிலே அஞ்சல் துறை ஒரு பேமெண்ட்ஸ் வங்கியையே நாடு முழுக்கத் தொடங்கியது. அன்றையிலிருந்து தபால்காரர் கையிலே கருவி. திண்ணையிலே உட்கார்ந்திருக்கிற ஆத்தா விரலை வைத்தால் பணம் கொடுத்துவிட்டு வருகிறார். அந்த ஆத்தா களையெடுத்துக் களையெடுத்து ரேகையே தேய்ந்துபோயிருக்கும், கருவி ‘முடியாது’ என்று சொல்லும், இவர் முந்தானையிலே விரலைத் துடைக்கச் சொல்லி நாலு தடவை வைக்கச் சொல்வார். கிராமத்துக் கிளை அஞ்சலகத்திலே சேமிப்புக் கணக்கு, செல்வமகள் திட்டம், கிராமிய ஆயுள் காப்பீடு என்று எல்லாமே அந்த ஒரே ஆள் அல்லது இரண்டு ஆள். இந்த மாதம் இத்தனை கணக்கு பிடி, அத்தனை பாலிசி பிடி என்று மேலே இருந்து இலக்கு வேறே. ஆள் பிடிக்கிற வேலையைப் பார்த்தால், நம்ம கல்யாணத் தரகர்கள் தோற்றுப்போவார்கள்.

ஆகவே வேலை போகவில்லை, கூடியிருக்கிறது. அப்படியானால் ஏன் பயப்படுகிறார்கள்? இங்கேதான் என் அணியின் வாதம் ஆரம்பிக்கிறது.

கிராமத்திலே தபால் கொண்டுவருகிறாரே, அவரை நாம் எல்லாரும் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம்? “அவருக்கென்ன, சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம்.” இல்லை ஐயா! அவர் நாலு மணி நேர ஊழியர். அதிகம் போனால் ஐந்து மணி நேரம். வெள்ளைக்காரன் காலத்திலே ஊர் வாத்தியாரிடமும் கடைக்காரரிடமும், “உமக்குத்தான் வேறே பிழைப்பு இருக்கே, சும்மா இருக்கிற நேரத்திலே இந்தத் தபாலையும் பாரும்” என்று சொல்லி, ஒரு சின்னப் படியைக் கொடுத்துத் தொடங்கின ஏற்பாடு. அதற்கு ‘இலாகாவுக்குப் புறம்பான ஏஜெண்ட்’ என்று பெயர். ஊரிலே சுருக்கமாக ‘இ.டி.’ என்பார்கள். 2001-லே பெயரை மாற்றி ‘கிராமின் டாக் சேவக்’ ஆக்கினார்கள். பெயரிலே சேவை வந்துவிட்டது, சம்பளம் என்ற சொல் மட்டும் வரவில்லை. இன்றைக்கும் அவர் வாங்குவது சம்பளம் அல்ல, ‘படி’. பிழைப்புக்கு வேறே வருமானம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி. அதைவிட வேடிக்கை, கிளை அஞ்சல் அதிகாரியாகச் சேர்கிறவர், ஆபீசுக்கு இடத்தையும் அவரே கொடுக்க வேண்டும்! வேலைக்குப் போகிறவன் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவான், நான் பார்த்திருக்கிறேன். ஆபீசையே கொண்டுபோகிறவனை இங்கேதான் பார்க்கிறேன். (சிரிப்பு, கைதட்டல்)

திருவள்ளுவர் தூதுக்கு ஒரு அதிகாரமே வைத்தார். 69-ஆவது அதிகாரம். தூதனுக்கு என்ன குணம் வேண்டும், எப்படிப் பேச வேண்டும், உயிர் போகிற நிலை வந்தாலும் எப்படி நிற்க வேண்டும் என்று பத்துக் குறளிலே சொன்னவர், படி எவ்வளவு என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அதனாலேதான் கமிட்டி போட வேண்டியதாயிற்று. சவூர் கமிட்டி, தல்வார் கமிட்டி, நடராஜ மூர்த்தி கமிட்டி, கமலேஷ் சந்திரா கமிட்டி. இந்தக் கடைசிக் கமிட்டி 2016-லே அறிக்கை கொடுத்தது. பெட்டியிலே கிடந்தது. 2018 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு மேலே கிராமத்திலே தபால் நின்ற பிறகுதான் ஜூனிலே முடிவு வந்தது. என்ன முடிவு? நாலு மணி நேரத் தபால்காரருக்கு அடிப்படை 10,000 ரூபாய், கிளை அஞ்சல் அதிகாரிக்கு 12,000. பஞ்சப்படி தனி. ஓய்வூதியம்? அது கிடையாது.

இவர்கள் அரசு ஊழியர்களா, இல்லையா? 1977-லேயே உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான், விசாரணை இல்லாமல் வெளியே அனுப்பக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பிற்பாடு வந்த விதியிலே, இவர்கள் மத்திய அரசுப் பணிக்கு வெளியே இருப்பவர்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளே வேலை செய்யணும், பந்தியிலே உட்காரக் கூடாது என்கிற கதை.

இப்போது மோட்டார் சைக்கிளிலே சாப்பாடும் பார்சலும் கொண்டுவருகிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். ‘கிக்’ தொழிலாளி, புதுயுகத் தொழில் என்கிறார்கள். என்ன புதுயுகம்? நேரத்துக்குத்தான் காசு, இடமும் வண்டியும் உன் பொறுப்பு, நாளைக்கு நிச்சயம் இல்லை. இதை நம் தபால் துறை வெள்ளைக்காரன் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டது! எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்திலே. அப்புறம் எப்படி ஐயா தொழில்நுட்பத்தின் மேலே பழியைப் போடுவது?

எங்க ஊர், திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அங்கே தபால் அண்ணாச்சி என்று ஒருவர். 1962-லே சேர்ந்தவர். நான் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் மத்தியானப் பையிலே எனக்கு ரிஜிஸ்தர் தபால் வருகிறது. நான் ஊரிலே இல்லை. ஆறு மைல் தள்ளி அத்தை வீட்டுக்குப் போயிருக்கேன். விதிப்படி பார்த்தால், ஆள் இல்லை என்று எழுதி மறுநாளைக்கு வைத்திருக்கலாம். அவர் நேரமும் அன்றைக்கு முடிந்துபோச்சு. ராத்திரி எட்டு மணிக்கு அத்தை வீட்டு வாசலிலே சைக்கிள் மணி. “ஏ தம்பி, கையெழுத்தைப் போடு, உடனே பிரிச்சுப் பாரு, காலேஜு கவரு மாதிரி இருக்கு” என்றார். பிரித்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மதுரையிலே இன்டர்வியூ. “நில்லாதே, வா, பின்னால ஏறு” என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மிதித்தார். இந்த மேடையிலே ‘பேராசிரியர்’ என்று என்னை அழைத்தீர்களே ஐயா, அது அந்த சைக்கிள் கேரியரிலே உட்கார்ந்து வந்த பட்டம். (பலத்த கைதட்டல்)

மீதியைக் கடைசியிலே சொல்கிறேன். அதற்குள்ளே பட்டுவாடா மாற்றத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1898-ஆம் வருஷத்துச் சட்டத்திலே, கடிதம் கொண்டுபோகிற தனி உரிமை அரசாங்கத்துக்கு இருந்தது. 2023-லே புதுச் சட்டம் போட்டார்கள், 2024 ஜூனிலே நடைமுறைக்கு வந்தது. அதிலே அந்தத் தனி உரிமை இல்லை. கூரியர்காரர்கள் முன்னாலேயே கொண்டுபோய்க்கொண்டுதான் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உரிமை ஏட்டிலே இருப்பது வேறே, இல்லாமல் போவது வேறே. அதே 2024 கடைசியிலே புத்தகத்தைக் குறைந்த கட்டணத்திலே பதிவு செய்து அனுப்புகிற வசதி போனது. சிற்றிதழ் நடத்துகிற என் நண்பர்கள் தலையிலே கை வைத்துவிட்டார்கள். 2025-லே ரிஜிஸ்தர் தபாலே தனியாக இல்லாமல், 1986-லே வந்த ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. பல அஞ்சலகத்துத் தபால்காரர்களை ஒரே பட்டுவாடா மையத்துக்குக் கொண்டுபோகிற ஏற்பாடும் வந்திருக்கிறது. இதெல்லாம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பார்சல் சீக்கிரம் போனால் நல்லதுதான். ஆனால் தெருவிலே நடக்கிறவரைக் கூப்பிட்டு, “ஐயா, இந்த மாற்றத்துக்குப் பிறகும் உமக்கு இடம் இருக்கு, உம்ம பீட்டு இன்னது” என்று ஒருத்தர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்திருக்கும். ஊருக்கே சேதி சொல்கிறவருக்கு அவர் சேதி கடைசியிலேதான் வருகிறது.

இப்போது அண்ணாச்சிக்கு வருகிறேன். நடுவர் ஐயா மணியிலே கை வைக்கிறார், ஒரு நிமிஷம் ஐயா.

2001-லே, பெயர் மாறின அதே வருஷம், 65 வயதிலே ஓய்வு பெற்றார். 39 வருஷம். ஒரு சின்னத் தொகை கொடுத்தார்கள், அது மூத்த மகள் கடனுக்குப் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து நான் ஊருக்குப் போனபோது வீட்டுக்கு வந்தார். “தம்பி, முதியோர் பென்ஷனுக்கு ஒரு மனு எழுதிக் கொடு” என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாதா மாதம் எங்க ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் முதியோர் பென்ஷன் மணியார்டரை வீடு வீடாய் எண்ணிக் கொடுத்தது அந்தக் கைதான். ரிட்டயர்டு வாத்தியார்களுக்கு ‘பென்ஷன் வந்தாச்சு சார்’ என்று குரல் கொடுத்தவரும் அவர்தான்.

மனு எழுத உட்கார்ந்தோம். பெயர், வயது, ஊர் எழுதியாச்சு. ‘தொழில்’ என்ற இடம் வந்தது. பேனா நின்றுபோச்சு. “அண்ணாச்சி, தபால்காரர்னு எழுதவா?” என்றேன். “எழுதினா, நீ கவர்ன்மென்ட் ஆளுல்லாம்பான் தாலுகா ஆபீஸ்ல. தபாலாபீஸ்ல கேட்டா, நீ கவர்ன்மென்ட் ஆளு இல்லைம்பான்” என்றார். கொஞ்ச நேரம் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “விவசாயக் கூலின்னு எழுதிடு தம்பி” என்றார்.

எழுதிக் கொடுத்தேன் ஐயா. தமிழிலே முனைவர் பட்டம் வாங்கின நான் அவருக்கு எழுதிக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான். தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன்.