ஈசல் தின்றால் இழிவா?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். எங்கள் தெருவில் புற்றருகே குழி தோண்டி, விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். அம்மா அதை வறுத்து, முறத்தில் சிறகு போகப் புடைத்து, வறுத்த அரிசியோடு கலந்து தருவார். ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். "பூச்சி தின்னி" என்றான் ஒருவன். ஆசிரியரும் சிரித்தார். நான் எந்தத் தெரு என்று யாரும் அன்று கேட்கவில்லை; டப்பாவே சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து, "எனக்கு ஈசல் பிடிக்காது" என்று பொய் சொன்னேன். அம்மா அதன்பிறகு எனக்கு அதைத் தரவே இல்லை.

ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். புதுக் கூடு அமைக்கக் கூட்டமாகப் பறந்து, சிறகை உதிர்த்து, இணை தேடும். பெரும்பாலானவை அதற்குள் பறவைக்கும் பல்லிக்கும் தவளைக்கும் இரையாகிவிடும். மண்ணுக்குள் வாழும் கறையான், காய்ந்த இலையையும் பட்ட மரத்தையும் மக்கவைத்து மண்ணுக்கே திருப்பித் தருகிறது. அது தோண்டிய வழிகளில் மழைநீர் உள்ளே இறங்குகிறது.

புறநானூறு 119ஆம் பாடலில், பாரியின் நாட்டு வளத்தைச் சொல்லும் கபிலர், ஈசலை மோரோடு சேர்த்துச் சமைத்த புளிப்பான உணவைச் சொல்கிறார். ஏட்டில் இருந்தால் சங்கத் தமிழர் பெருமை, சேரியில் வறுத்தால் அருவருப்பு!

இந்த அருவருப்பு உண்மையில் பூச்சியின் மீதா? பட்டுப்புழுவைக் கூட்டோடு கொதிநீரில் போட்டுக் கொன்றுதான் வழக்கமான பட்டுநூல் எடுக்கிறார்கள். அந்தப் பட்டுதான் பூசைக்குச் சுத்தமாம். தேனீ வயிற்றில் சுமந்துவந்து கக்குவதுதான் தேன். அது அபிஷேகத்துக்கு ஆகிறது. ஆக, தீட்டு பூச்சியில் இல்லை. அதை யார் தின்கிறார் என்பதில் இருக்கிறது.

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 200 கோடிப் பேரின் வழக்கமான உணவில் பூச்சிகளும் உண்டு என்றது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒருவகை வண்டுப்புழுவை உணவாக விற்க அனுமதித்தது. 2024இல் ஒடிசாவின் சிமிலிபால் பகுதி ஆதிவாசிகளின் செவ்வெறும்புச் சட்னிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அறிக்கையும் முத்திரையும் வந்த பிறகுதான் எங்கள் சட்டிக்கு மரியாதையா? நாளை அதில் புரதம் குறைவு என்று யாராவது சொன்னால் அந்த மரியாதை போய்விடுமா?

உங்களை ஈசல் தின்னச் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் விடுங்கள். பக்கத்தில் இருப்பவர் டப்பாவைத் திறக்கும்போது முகம் சுளிக்காதீர்கள். விடுதி உணவுக்கூடத்தில் யாரையாவது தனி மேசைக்கு அனுப்பினால் எழுந்து கேளுங்கள்.

போன மழைக்கு ஊருக்குப் போனபோது ஈசல் கேட்டேன். "உனக்குத்தான் பிடிக்காதே?" என்றார் அம்மா. இருபது வருடம் கழித்து அன்றுதான் உண்மையைச் சொன்னேன்.