பட்டமா? பண்பா?

நடுவர் அவர்களே! சீனியர் இன்ஜினியர் வேலைக்குப் பட்டம்தான் முக்கியம்னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசினார். நான் இன்டர்வியூ எடுக்கிறவனுங்க. கடைசியா ஒண்ணு கேட்பேன்: "உங்களுக்குக் கீழே இருக்கிறவர் 'வேண்டாம் சார்'னு சொல்லி, நீங்க வேலையை நிறுத்தினது உண்டா?"

தங்கப் பதக்கம் வாங்கின ஒருத்தர், "என் முன்னாடி எவனும் வாயைத் திறக்க மாட்டான் சார்!"னார். (சிரிப்பு) அடுத்தவர், "உண்டு சார். மேஸ்திரி சொன்னார், கான்கிரீட்டை நிறுத்தினேன். தப்பு என்னுடையது"ன்னார். அவருக்குத்தான் வேலை! (கைதட்டல்)

ஏன் தெரியுமா? 1986 ஜனவரி, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம். குளிரில் ரப்பர் வளையம் விறைச்சுப்போகும், ஏவ வேண்டாம்னு முந்தின ராத்திரியே பொறியாளர்கள் மன்றாடினாங்க. மேலே இருந்தவங்க கேட்கலை. கிளம்பின 73-வது விநாடியில் சிதறியது. 7 உயிர்!

அவங்க படிக்காதவங்களா? காது கொடுக்காதவங்க! ஆகவே, பட்டத்தைவிடப் பண்பே என்று கூறி அமர்கிறேன்.